எந்த ஊருக்கு?

சூலியா தெரு, பினாங்கு
17-1-1932

அன்புள்ள தங்கை சலேஹாவுக்கு,

நானா மீரா சாகிப் ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் மச்சி காமாரியாவும் சுகம். நோன்பு எட்டு கழிந்தது. நீயும் மச்சான் ஜபருல்லாவும் குழந்தை ரொஸ்னாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல் பரவியிருப்பதாகக் கேள்வி. மச்சான் மருந்து போடுகிற டிரசர் என்பதற்காக நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே.

நாடகக் கம்பெனி எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். ராஜபார்ட்டும் பபூனும் போன மாதக் கப்பலில் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் ஏழு பேர். தமிழிலேயே பேசுகிற படம் வந்ததிலிருந்து கொட்டகை முதலாளியான சீனத் தவுக்கே இரவுகளையெல்லாம் படத்துக்கே கொடுத்துவிட்டார். எங்களுக்கு ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. அந்த வெயிலில் ராஜா ராணியைப் பார்க்க யார் வருகிறார்கள்? போன வாரம் முன் பெஞ்சில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து எனக்கே கொட்டாவி வந்தது.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. ‘தோட்டவாசி’ என்ற பெயரில் நீ வாரப் பத்திரிகையில் எழுதும் தொடர்கதையை எனக்கு நாடகமாகப் போடக் கொடு. முந்தாநாள் நோன்பு திறந்தபின் கடையில் ஒருவன் அதை உரக்கப் படித்தான். ஆட்குறைப்பில் காத்தாயியின் பெயரை வாசித்து ஊருக்குக் கப்பலேறச் சொல்கிறார்களே, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த அவள் “எந்த ஊருக்குங்க?” என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியைக் கேட்கிறாளே, அந்த இடம். பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீ ஆறியது ஒருவனுக்கும் தெரியவில்லை. எழுதினவள் என் தங்கை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

பதில் போடு. உங்கள் எல்லோருக்கும் எங்கள் துஆ.

உன் நானா,
மீரா சாகிப்


நிபோங் திபால்
14-2-1932

மரியாதைக்குரிய நானாவுக்கு,

சலேஹா ஸலாமுடன் எழுதுவது. பெருநாள் நல்லபடி கழிந்தது. ரொஸ்னாவுக்கு மச்சி அனுப்பிய சட்டை தோளில் கொஞ்சம் பெரிது, அடுத்த பெருநாளுக்கும் ஆகும். மச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

கதையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மச்சானிடம் கேட்டேன். “உன் கதை, என்னை ஏன் கேட்கிறாய்?” என்றார். அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு நிபந்தனை. காத்தாயி அந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்தில் பாட்டு வேண்டாம். முன்னால் இரண்டு, பின்னால் நாலு, எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேண்டாம். அது நான் கற்பனை செய்ததில்லை, நானா. போன நவம்பரில் ஆபீஸ் வாசலில் பெயர் வாசித்தபோது ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று என் காதால் கேட்டேன். அவள் அழவில்லை. கடைக்காரனிடம் அரிசி எந்த மூட்டையில் இருக்கிறது என்று கேட்பதுபோல் கேட்டாள். கிராணி அடுத்த பெயரை வாசித்தார். அவள் லாரியில் ஏறிவிட்டாள்.

அழுதிருந்தால் நான் மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் துஆவை நாடும்,
சலேஹா


சூலியா தெரு, பினாங்கு
21-2-1932

அன்புத் தங்கைக்கு,

நானா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மச்சியின் முட்டி அப்படியேதான். தைலம் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

பாட்டு வேண்டாம் என்கிறாய். நீ நாவல்காரி. ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து படிக்கும்போது நீ ஒன்றும் சொல்லாமல் விட்டால் அவன் தானே நிரப்பிக்கொள்வான். கொட்டகையில் முந்நூறு பேர். கடலை விற்கிறவன் வேறு நடுவில் நடக்கிறான். ஹார்மோனியம் ஒரு இழுப்பு இழுக்காமல் அவர்கள் கண்ணில் தண்ணீர் வராது. இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஆனாலும் உன் சொல்லுக்காக அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு நல்ல வசனம் எழுதியிருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். கேட்டால் நீயே மெச்சுவாய்.

கஷ்டம் வேறு இடத்தில். காத்தாயியாக நடிக்க யூசுப்தான் இருக்கிறான். பதினெட்டு வருஷமாக ஸ்திரீபார்ட், எல்லாம் மகாராணிகள். வாளியைத் தூக்கச் சொன்னால் பூக்கூடையைத் தூக்குகிறான். பால் வெட்டுகிற பெண் எப்படி நடப்பாள், சேலையை எப்படிச் செருகுவாள், நிற்கும்போது கை எங்கே இருக்கும், எல்லாம் விவரமாக எழுது.

துஆவுடன்,
நானா


நிபோங் திபால்
13-3-1932

நானாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம்.

நான் எழுத உட்கார்வதற்குள் ஆளே வந்து நின்றார். யூசுப் நானா படகேறி, ரயிலேறி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிட்டார், கையில் ஒரு சின்னப் பெட்டியுடன். “எழுதினால் எனக்குப் புரியாது தங்கச்சி, பார்க்கணும்” என்றார். மூன்று நாள் இருந்தார்.

விடியற்காலை பால் வெட்டுகிற பெண்களுடனேயே மரக்காட்டுக்குப் போனார். முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி வாளிகளை அவர் தோளில் ஏற்றிவிட்டாள். கம்பின் இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளி, சரிவில் இறங்க வேண்டும், ஒரு சொட்டு சிந்தக் கூடாது. நாற்பது தப்படியில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் தோளில் தோல் உரிந்து வந்தார், உங்கள் மச்சான் மருந்து வைத்தார். அப்போது யூசுப் நானா சொன்னார்: “ராணிக்கு நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன். இவங்க தலை அசையவே இல்லை, பார்த்தீங்களா. ஒடம்பு முழுக்க அந்தத் தலையைக் காப்பாத்துது.” மூன்று வருஷமாக ஜன்னலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது தெரியவில்லை. அடுத்த அத்தியாயத்தில் எழுதிக்கொண்டேன், அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கை எங்கே இருக்கும் என்று கேட்டீர்கள். சும்மா நிற்கும்போது விரலில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே இருப்பார்கள். எல்லோரும். யோசிக்காமல்.

கிராணி இரண்டு முறை வந்து, விருந்தாளி யார் என்று கேட்டார். உறவு என்றேன்.

இனிமேல் கடிதங்களைத் தோட்டத்து ஆபீஸ் விலாசத்துக்குப் போட வேண்டாம். நாகூர் மீரான் மளிகைக் கடை, ஸ்டேஷன் ரோடு என்று போட்டால் எனக்கு வந்து சேரும்.

தங்கை,
சலேஹா


சூலியா தெரு, பினாங்கு
2-4-1932

அன்புள்ள சலேஹாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

யூசுப் வேறு ஆளாகத் திரும்பியிருக்கிறான். ஒத்திகையில் அவன் நடந்து வந்ததைப் பார்த்து ஹார்மோனியக்கார அப்துல் அஜீஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

ஆனால் சர்க்காரிடம் அனுமதிக்காகக் கொடுத்த நாடகப் பிரதி திரும்பி வந்துவிட்டது. படித்தவர் தமிழர்தான், மொழிபெயர்ப்பாளர். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. காத்தாயியின் ஒன்றரைப் பக்கம் முழுக்க அடிபட்டுவிட்டது. துரை பேசுவது அடி. கிராணி வைகிற வார்த்தை அடி. நேரில் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். “ஆபீஸ் வாசல் காட்சியை எடுத்துடுங்க, கையெழுத்து போட்டுடறேன். இல்லேன்னா தோட்டத்தை ஒரு ராஜா நந்தவனமா மாத்துங்க” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ராஜா, நந்தவனம், நாடுகடத்தப்படுகிற தோட்டக்காரி. செய்யலாம். ராஜா உடுப்பு பெட்டியில் இருக்கிறது. புரிகிறவனுக்குப் புரியாதா? கொட்டகை கையில் இருக்கும்போதே எதையாவது போட்டாக வேண்டும். நந்தவனத்துக்கு ஏற்றமாதிரி அந்தக் காட்சியை நீயே மாற்றிக் கொடுத்துவிடு, சிவப்பு மைப் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன்.

உடனே எழுது.

நானா


சூலியா தெரு, பினாங்கு
9-5-1932

சலேஹா,

ஸலாம். ஐந்து வாரம் ஆகிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக்கூட உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நந்தவனம் என்றதில் கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. குழந்தைக்கு ஒன்றும் இல்லையே? உன் மச்சி தினமும் தபால்காரனைக் கேட்கிறாள்.

நானா


நாகூர் மீரான் மளிகைக் கடை
ஸ்டேஷன் ரோடு, நிபோங் திபால்
15-5-1932

மரியாதைக்குரிய நானாவுக்கு,

சலேஹா ஸலாமுடன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். ரொஸ்னா இப்போது தராசுத் தட்டில் உட்கார்ந்து விளையாடக் கற்றுக்கொண்டாள். கொஞ்சம் வேலை அதிகமாகிவிட்டது, அதனால் எழுத முடியவில்லை. மச்சியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கோபம் இல்லை. ஆனால் நந்தவனம் எழுத மாட்டேன். அதில் என்ன ஆகும் தெரியுமா? பார்க்கிறவர்கள் ராஜாவைத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

சிவப்பு மை பட்ட பிரதியை மறுபடி படித்தேன். அவர் அடித்ததில் பாதி சரி, நானா. வருத்தப்படாதீர்கள், அந்த ஒன்றரைப் பக்கம் நீங்கள் பேசுவது. காத்தாயி பேசுவதில்லை. நானும் கதையில் அவளுக்கு நாலு வாக்கியம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன், அதுவும் தப்பு. அதனால் அவர் சொன்னதைவிட அதிகமாக நானே அடித்துவிட்டேன். துரை இல்லை. வசவு இல்லை. ஆபீஸ் என்ற சொல்லே இல்லை. புதிய காட்சி இவ்வளவுதான்:

கிராணி பெயர்களை வாசிக்கிறார். ஒவ்வொருவராக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கிராணி: காத்தாயி.

காத்தாயி: இருக்கேங்க.

கிராணி: ஊருக்குப் போகலாம்.

காத்தாயி: எந்த ஊருக்குங்க?

கிராணி தாளைத் திருப்புகிறார். தாளில் இல்லை.

காத்தாயி காத்திருக்கிறாள்.

இதில் அடிக்க அவருக்கு எந்த வார்த்தை இருக்கிறது? கொண்டுபோய்க் கொடுங்கள். கடைசி வரியை மட்டும் யூசுப் நானாவிடம் விட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தங்கை


சூலியா தெரு, பினாங்கு
29-5-1932

சலேஹா,

அனுமதி கிடைத்துவிட்டது. அந்த மனிதர் உன் காட்சியை மூன்று தடவை படித்தார். மைக்கூட்டைத் திறந்தார், மூடினார். “யார் எழுதினது?” என்றார். நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார்.

இந்த நல்ல சேதியை நேரில் சொல்லிவர நேற்று யூசுப்பைத் தோட்டத்துக்கு அனுப்பினேன். டிரசர் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று வந்து சொல்கிறான். ஏப்ரலிலேயே உங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கடைக்குப் பின்னால் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு அறையில் இருக்கிறீர்களாம். மச்சான் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறாராம். “வேலை அதிகம்” என்று எழுதுகிறாய் எனக்கு. உன் சொந்த நானாவுக்கு.

யூசுப் வந்து தங்கியதுதான் காரணம் என்றால் காரணம் நான். நாடகத்தை நிறுத்திவிடுகிறேன். நானும் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். ஜனவரியிலேயே தவுக்கே என்னைக் கூப்பிட்டு, “நாடகம் விடு லா. படக் கொட்டகையை நீ பாத்துக்கோ, மேனேஜர் வேலை” என்றார். இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது சரி என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூவரும் இங்கே வந்துவிடுங்கள். மாடியில் இடம் இருக்கிறது.

நானா


ஸ்டேஷன் ரோடு, நிபோங் திபால்
1-6-1932

நானாவுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க நேரமில்லை, ரயில் தபாலுக்குள் போட வேண்டும்.

நிறுத்தாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். கிராணி பத்திரிகையையும் விருந்தாளியையும் சேர்த்துப் பார்த்து துரையிடம் சொன்னார். துரை உங்கள் மச்சானைக் கூப்பிட்டு, இதை எழுதுவது நீயா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இவர், “என் மனைவி. நன்றாக எழுதுகிறாள், நீங்கள் படித்தீர்களா?” என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அன்று இரவு நான் அழுதேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டே, “காத்தாயி அழலேன்னு எழுதினவளா நீ?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் இதைத்தான் செய்வீர்கள் என்று தெரியும். செய்யப் பார்க்கிறீர்கள். நாங்கள் வீட்டை விட்டது நாடகம் நடக்காமல் போவதற்கு இல்லை.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணி. திரையைத் தூக்குங்கள். நான் வர முடியாது, ரொஸ்னாவுக்கு மணல்வாரி, தேற மாதமாகும். உங்கள் கண்ணால் பார்த்து, ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

சலேஹா


சூலியா தெரு, பினாங்கு
20-6-1932

என் அன்புத் தங்கைக்கு,

நானா எழுதுவது. ரொஸ்னாவுக்கு இறங்கிவிட்டதா? வேப்பிலை போதுமா, இங்கிருந்து அனுப்பட்டுமா?

நேற்று நடந்ததை எழுதுகிறேன். கூட்டம் முக்கால் கொட்டகை. துறைமுகத்து ஆட்கள், கடைப் பையன்கள், நம் தெருக்காரர்கள். பின் பெஞ்சுகளில் நாற்பது ஐம்பது பேர் மூட்டையும் பிள்ளைகளுமாக வந்து உட்கார்ந்தார்கள். கேதா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து கப்பலுக்குக் காத்திருக்கிறவர்கள். டிக்கெட் கேட்டு வாசலில் நிறுத்த வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன்.

முதல் இரண்டு களம் எப்போதும்போல. பாட்டுக்குக் கை தட்டினார்கள், பபூன் இல்லையே என்று ஒருவன் கத்தினான். பிறகு உன் காட்சி. நான்தான் கிராணி. பெயர் வாசித்தேன். யூசுப் வந்து நின்றான். பவுடர் இல்லை, நகை இல்லை. விரலை உரித்துக்கொண்டிருந்தான். கேட்டான். நான் தாளைத் திருப்பினேன்.

அப்துல் அஜீஸ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், இருபது வருஷத்தில் மேடையில் நான் சத்தமில்லாமல் நின்றதே இல்லை. வெளியே ரிக்‌ஷா மணி கேட்டது. யாராவது சிரித்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். யூசுப் அசையவில்லை.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. உரக்க இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல.

“எனக்கும் தெரியாதும்மா.”

நாடகத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை. யூசுப் அவளைப் பார்த்தான். மேடை விளிம்புக்கு வந்து, மூட்டையை இறக்கி வைத்து, அவளைப் பார்த்தமாதிரி உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, இருமவில்லை. கடலைக்காரன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு யூசுப் எழுந்தான், மூட்டையைத் தூக்கினான், தலை அசையாமல் நடந்து போனான்.

திரைக்கயிறு பிடிக்கிறவன் இழுக்க மறந்துவிட்டான். நானே போய் இழுத்தேன். கைதட்டல் வர வெகுநேரம் ஆயிற்று.

பாட்டு வைத்திருந்தால் அந்தப் பெண் பேசியிருக்க மாட்டாள். இது எனக்கு நேற்றுதான் விளங்கியது. உன் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

தவுக்கேயிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறும் போடுகிறோம்.

மச்சானுக்கு என் ஸலாம். அவரை நான் சரியாகக் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

நானா


சூலியா தெரு, பினாங்கு
12-7-1932

சலேஹாவுக்கு,

ஸலாம். நாலு ஞாயிறு போட்டோம். நேற்றுக் காலை அனுமதி ரத்து என்று தாள் வந்தது. காரணம் எழுதவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கப் போனேன், வேறு இலாகாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

படுதாக்களைச் சுருட்டிக் கட்டிவிட்டோம். தவுக்கே இன்னும் வேறு ஆள் வைக்கவில்லை. “யோசி” என்கிறார். ஏழு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன செய்யட்டும் என்று நீயே சொல்.

நானா


பட்டர்வொர்த்
24-7-1932

மரியாதைக்குரிய நானாவுக்கு,

சலேஹா ஸலாமுடன் எழுதுவது. விலாசத்தைக் கவனியுங்கள். உங்கள் மச்சானுக்கு இங்கே ஒரு சீன டாக்டரிடம் மருந்து கலக்கும் வேலை கிடைத்திருக்கிறது. தோட்டத்தில் கிடைத்ததில் பாதிதான். ஆனால் இரண்டு அறை, ஒரு ஜன்னல், படகுத்துறைக்கு நடந்தே போகலாம். ரொஸ்னா தேறிவிட்டாள். மச்சியை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வாருங்கள், முட்டிக்கு இவர் ஏதோ கலந்து வைத்திருக்கிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தவுக்கேயிடம் போய் வேலையை ஒத்துக்கொள்ளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். படம் ஓடுவது ராத்திரியில். பகல் முழுக்கக் கொட்டகை காலி, சாவி மேனேஜர் கையில். ஒத்திகைக்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஏழு பேரில் இரண்டு பேரை டிக்கெட் கிழிக்க வையுங்கள். மற்றவர்களுக்கும் ஏதாவது பாருங்கள். ஒருவரும் கப்பலேறக் கூடாது.

ஒத்திகைக்கு நாடகம் எங்கே என்று கேட்பீர்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை கதை இல்லை, நேராக நாடகமே. போன வாரம் நம்மைக் காட்டிக்கொடுத்த அந்தக் கிராணி வாசலில் வந்து நின்றார். அவரையும் ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். என்னைத் திட்ட வந்தாரா, மன்னிப்புக் கேட்க வந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. உங்கள் மச்சான் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். இரண்டு மணி நேரம் பேசினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர் வாசித்தாராம், வரிசை மாறாமல் இன்னும் சொல்கிறார். வாசித்த வாயால் வீட்டில் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லையாம். எனக்கு அவர்மேல் கோபம் போகவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டேன், எழுதிக்கொண்டேன்.

முதல் களம் முடிந்துவிட்டது. வசனம் குறைவு. அனுமதி கேட்போம். அடித்தால் மறுபடி எழுதுவேன், அதையும் அடித்தால் அதையும்.

கிராணி வேஷத்துக்கு யூசுப் நானாதான். வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். இன்றிலிருந்து மீசை வளர்க்கச் சொல்லுங்கள்.

தங்கை,
சலேஹா